வள்ளத்துக்கு முளைத்த கொம்பு

கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
11.02.2026

முகாமையாளர்,
வீட்டுக் காப்புறுதி புதுப்பித்தல் பிரிவு,
கொழும்பு.

ஐயா அல்லது அம்மணி,

என் வீட்டுக் காப்புறுதி வருகிற மார்ச் 31ஆம் திகதியோடு முடிகிறது. பதினாறு வருஷமாக ஒரு தவணையும் பிந்தாமல் கட்டி வந்தவன் நான். இந்த முறை புதுப்பிக்கக் கேட்டதற்கு, 'கடந்த இழப்பீட்டுக் கோரிக்கையின் காரணமாகப் புதுப்பிக்க இயலாதுள்ளது' என்று அச்சடித்த துண்டு ஒன்று வந்திருக்கிறது. கீழே ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

பதினாறு வருஷத்தில் நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு தடவை, போன டிசம்பரில் வள்ளம் வந்து குசினிச் சுவர் இடிந்தபோது. நீங்களும் மறுக்காமல் தந்தீர்கள், நானும் நன்றி சொல்லி எழுதினேன். கேட்கும்வரை நல்லவன், கேட்டபிறகு கெட்டவனா? இதுதான் நான் அறிய விரும்புவது.

தொலைபேசியில் விசாரிக்கலாமே என்பீர்கள். விசாரித்தேன். ஒன்றை அமத்து, மூன்றை அமத்து என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பாட்டைப் போட்டார்கள். இருபத்திரண்டு நிமிஷம் கேட்டேன். பாட்டு நல்லதுதான். ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் இருந்து உப தபாலதிபராக ஓய்வு பெற்றவன். எழுதிக் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, என்றாலும் சொல்கிறேன். வள்ளம் வந்த மூன்றாம் நாள் என் மனைவி புஷ்பவதி கட்டைபறிச்சானில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போய்விட்டா. "சுவரைக் கட்டி முடியுங்கோ, வாறன்" என்றா. கட்டி முடித்தேன். "வெள்ளை அடியுங்கோ, வாறன்" என்றா. அடித்தேன். இப்போது, "இன்ஷூரன்சைப் புதுப்பிச்சுக் கடதாசியைக் காட்டுங்கோ. அதுவரைக்கும் நான் அந்தக் குசினிக்குள்ள கால் வைக்கமாட்டன்" என்கிறா. இரண்டு மாதமாக நானே சமைக்கிறேன். சோறு ஒருநாள் களியாகிறது, மற்றநாள் அரிசியாகவே இருக்கிறது. சமையலைக்கூடச் சமாளித்துவிடலாம், அவ இல்லாமல் இந்த வீட்டில் இருக்கத்தான் ஏலாமல் இருக்கிறது.

ஆகவே என் விண்ணப்பத்தைத் திரும்பவும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
க. இரத்தினசிங்கம்
(ஓய்வுபெற்ற உப தபாலதிபர்)


கொழும்பு.
19.02.2026

திரு. க. இரத்தினசிங்கம்,
கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.

ஐயா,

வீட்டுக் காப்புறுதி புதுப்பித்தல் தொடர்பாக

தங்களின் 11.02.2026 திகதிய கடிதம் கிடைத்தது. தங்களின் நீண்டகால ஆதரவுக்கு நிறுவனம் நன்றி தெரிவிக்கின்றது.

தங்கள் வீடு 'அடிக்கடி வெள்ளத்துக்கு உள்ளாகும் இடம்' என எமது பதிவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. அவ்வாறான வீடுகளுக்குக் காப்புறுதியைப் புதுப்பிப்பதில்லை என்பது நிறுவனத்தின் விதி. இவ்வகைப்படுத்தல் 17.12.2025 அன்று தாங்களே எழுதிய இழப்பீட்டுக் கடிதத்தைக் கொண்டு செய்யப்பட்டதாகும். தங்களின் நினைவுக்காக அதன் வரிகளைத் தருகின்றேன்:

"கரையிலிருந்து ஒழுங்கைக்குள் வந்த வெள்ளம் குசினிச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டு நாள் உள்ளே நின்றது. மூன்றாம் நாள் பத்துப் பேர் சேர்ந்து வெளியேற்றினோம். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வருவது வழமை. வீட்டுக்குள் வந்தது இதுவே முதல் தடவை."

ஒவ்வொரு வருடமும் ஒழுங்கைக்குள் வெள்ளம் வருவதைத் தாங்களே ஏற்றுக்கொண்டுள்ளமையால், இதில் மேற்கொண்டு செய்வதற்கு எதுவுமில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகின்றேன்.

இவ்வண்ணம்,
லோஜினி பெருமாள்
தமிழ்க் கடிதத் தொடர்பு உதவியாளர்

பி.கு. (இதைக் கையால் எழுதுகிறேன், நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை): ஐயா, குறையாக நினைக்க வேண்டாம். தாங்கள் 'வெள்ளம்' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு விடுபட்டுப் போகிறது. டிசம்பர்க் கடிதத்தில் இரண்டு இடத்திலும் விடுபட்டிருந்ததை நானே பேனையால் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அதே பிழை. இனிக் கவனித்து எழுதினால் நல்லது. அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.


திருகோணமலை.
24.02.2026

செல்வி லோஜினி பெருமாள் அவர்கட்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை இன்னும் கூடுதலாக வந்தது. மூன்றாம் முறை பின்குறிப்பில் கண் நின்றபோது சிரிப்பு வந்து தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. இருமி முடிந்ததும் பழையபடி கோபம் வந்தது.

பிள்ளை, நான் எழுதியது வள்ளம். கடலில் போகிற வள்ளம், மீன் பிடிக்கிற வள்ளம். கொம்பு ஒன்றும் விடுபடவில்லை. கொம்பே இல்லாத வள்ளத்துக்கு நீங்கள்தான் கொம்பு முளைக்க வைத்திருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளங்களைக் கரையில் விட்டு வைக்க ஏலாது. அலை அடித்து உடைத்துவிடும். அதனால் எங்கள் ஒழுங்கைக்குள் இழுத்து வந்து மேட்டில் ஏற்றி வைப்பார்கள். வருஷா வருஷம் நடக்கிற காரியம். டிசம்பர் பதினான்காம் திகதி பின்னேரம் அபூதாஹிர் தன்னுடைய வள்ளத்தை டிராக்டர் பெட்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தார். அவர் எங்கள் அயலவர், நாற்பது வருஷப் பழக்கம். மேட்டில் ஏறும்போது பெட்டியை டிராக்டரோடு மாட்டியிருந்த கொளுக்கி கழன்றுவிட்டது. பெட்டி பின்னுக்கு உருண்டு எங்கள் மதிலையும் குசினிச் சுவரையும் இடித்துக்கொண்டு வர, வள்ளம் அரைவாசி குசினிக்குள் வந்து நின்றது. புஷ்பவதி தேத்தண்ணி போட நின்றவ, இரண்டு அடி இடைவெளியில் தப்பினா. அன்று மழை. சில்லு சேற்றில் புதைந்ததால் இரண்டு நாள் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பத்துப் பேர் தள்ளித்தான் வெளியேற்றினோம்.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். இது தந்தி அடித்துப் பழகிய கை. ஐந்து சொல்லில் முடிகிறதை ஆறு சொல்லில் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டிலும் இப்படித்தான் கதைப்பேன் என்று புஷ்பவதிக்கும் ஒரு குறை உண்டு. தவிர, வள்ளம் என்றால் என்ன என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. போன நவம்பர் புயல் மழைக்கும் வாசற்படி நனையவில்லை. தண்ணீர் அதன்பாட்டில் கடலைப் பார்த்து ஓடிவிடும். யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குத் தமிழ் படிப்பிக்க உங்களுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். ஏற்கெனவே இந்தக் கோப்பில் கொம்பு கூடிப்போய்விட்டது.

இப்படிக்கு,
க. இரத்தினசிங்கம்


கொழும்பு.
03.03.2026

மதிப்பிற்குரிய ஐயா,

இது நிறுவனத்தின் தாள் இல்லை, என் கொப்பியில் கிழித்த தாள். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கடலை முதன்முதலாகப் பார்த்தது பத்தொன்பது வயதில், கொழும்புக்கு வேலைக்கு வந்த அன்று. எங்கள் ஊரில் தண்ணீரில் மிதப்பது எதுவானாலும் படகுதான். அதற்கு வள்ளம் என்று வேறு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. புயலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து எங்களுக்கு வந்த கடிதம் எல்லாமே வெள்ளக் கடிதம். மேசை நிறைய அதுதான் கிடந்தது. அதற்குள் உங்களுடையதும் வந்தது. பெரியவர் பதற்றத்தில் கொம்பை விட்டுவிட்டார், பாவம், என்று நினைத்துத்தான் போட்டேன். உதவி செய்ததாக நினைத்துச் சந்தோஷமும் பட்டேன்.

சேதம் பார்க்க வந்தவர் உங்கள் கடிதம் கிடைத்து நான்காம் நாள்தான் வந்திருக்கிறார். அப்போது வள்ளம் போய்விட்டது. 'சுவர் இடிந்துள்ளது, முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, காரணம் உரிமையாளரின் கடிதத்தில் உள்ளவாறு' என்று எழுதியிருக்கிறார். எல்லாம் என் கொம்புக்குத் தோதாக அமைந்துவிட்டது.

ஐயா, எங்கள் முகாமையாளருக்குத் தமிழ் தெரியாது. கடிதத்தில் கைவைத்தது நான் என்பதை நானாகச் சொன்னால் தவிர ஒருவருக்கும் தெரியவராது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஏப்ரலில்தான் ஆகவேண்டும். மூன்று நாள் யோசித்தேன். பயமாக இருந்தது. இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன்.

இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு வாயால் விளங்கப்படுத்த முடியவில்லை. கடைசியில் ஒரு தாளில் வீடு ஒன்றைக் கீறி, அதற்குள் பாதிப் படகையும் கீறிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வீட்டுக்குள் படகு வந்ததற்கு ஆதாரம் கொண்டு வா" என்றார். படகுச் சொந்தக்காரரின் கடிதமும், படம் ஏதாவது இருந்தால் அதுவும், 16ஆம் திகதிக்கு முன் கிடைக்க வேண்டும். என் வேலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

இப்படிக்கு,
லோஜினி


திருகோணமலை.
10.03.2026

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பிழைகளைக் கண்டிருக்கிறேன். தன் பிழையைத் தானே மேலிடத்தில் போய்ச் சொன்ன ஆளைக் கண்டது குறைவு. நானும் அப்படிச் செய்தவனில்லை. ஒருமுறை ஈச்சிலம்பற்றுக்குப் போகவேண்டிய தபால் பையைத் திரியாய்க்கு அனுப்பிவிட்டு மழைமேல் பழியைப் போட்டவன் நான். உங்கள் முகாமையாளர் ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள். அவருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம் போடுகிறேன்.

ஆதாரம் இரண்டும் இத்துடன் இருக்கிறது. அபூதாஹிரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆக்கள நம்பியா அண்ணன் ஊட்டக் குடுத்து வெச்சிரிக்கீங்க?" என்றார்.

"அந்தப் பிள்ளை மலைநாட்டுப் பிள்ளை. தானாப் போய்ப் பிழையை ஒத்துக்கொண்டிருக்கு" என்றேன்.

"அப்ப சிரிக்கக் கூடா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். "கடதாசிய நோன்பு திறந்த பொறகு எழுதித் தாறன். நோன்போட எழுதினாலும் இதத்தான் எழுதுவன். என்ட வள்ளம்தான் இடிச்ச. ஒரு சொட்டுத் தண்ணியும் வரல்ல."

படம் அவருடைய மகள் சனூஸா அன்றே போனில் எடுத்தது. வள்ளம் உள்ளே வந்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது. கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்து அனுப்புகிறேன். வள்ளம் வடிவாகத் தெரிகிறது, பெயர், இலக்கம் எல்லாம் வாசிக்கலாம். பக்கத்தில் குனிந்து நிற்பது நான். இவ்வளவு இடி இடித்தும் அதில் ஒரு கீறல் இல்லை என்பதையும் கவனியுங்கள். அன்று எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

நேற்றுப் புஷ்பவதிக்குப் போன் எடுத்து, கடதாசி வரப்போகிறது என்றேன். "வரட்டும், பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டா. முந்தியெல்லாம் போனில் ஊர்க்கதை முழுக்கக் கதைக்கிற ஆள். சுவர் பழையதைவிடப் பலமாக நிற்கிறது, வெள்ளையும் அடித்தாயிற்று. இன்னும் என்ன கோபம் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

இப்படிக்கு,
க. இரத்தினசிங்கம்


கொழும்பு.
18.03.2026

அன்புள்ள ஐயா,

முதலில் நல்ல செய்தி. வகைப்படுத்தல் திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் வீடு இனி வெள்ளம் வரும் வீடு இல்லை. காப்புறுதியைப் புதுப்பிக்க முகாமையாளர் ஒப்பமிட்டுவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார், பக்கத்து அறைக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

என்னைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். என் வேலை நிரந்தரமாவதை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஊரில் அம்மாவிடம் சொன்னபோது அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால்தான் எனக்கு நித்திரை வந்திருக்காது.

இத்துடன் புதிய படிவம் இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள். ஒன்று வெறுமையாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள், இனி இந்தக் கோப்பு ஒரு பிழையையும் தாங்காது. 31ஆம் திகதிக்குள் இங்கே வந்துசேர வேண்டும். பிந்தினால் பழைய காப்புறுதி முடிந்துவிடும், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி எழுதப்போவது என் வேலை இல்லை. போன தடவை பின்குறிப்பு எழுதப்போய் நடந்தது தெரிந்தும் எழுதுகிறேன்.

ஐயா, அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். நடுவில் வள்ளம். நீங்கள் இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டு, எங்காவது உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறீர்கள். இடது பக்க மூலையில் ஒரு அம்மா நிற்கிறார். தலையிலும் தோளிலும் சுவர்த் தூள். கையில் தேநீர்க் கேத்தலைப் பிடித்தபடியே நிற்கிறார். எல்லாரும் வள்ளத்தைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் உங்களைப் பார்க்கிறார்.

சுவர், வெள்ளை, காப்புறுதி என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டதை முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவர் எதிர்பார்ப்பது இந்தக் கடதாசியைத்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள்?

அன்புடன்,
லோஜினி


திருகோணமலை.
27.03.2026

அன்புள்ள மகள் லோஜினிக்கு,

படிவம் இன்று மத்தியானம் பதிவுத் தபாலில் போய்விட்டது. இந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் அதற்குப் பின்னால் வருகிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: அன்றைக்கு நான் அவவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் கேட்டுக் குசினிக்குள் ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, "வள்ளத்துக்கு ஒண்டும் ஆகேல்லையே?" என்பது. அதை அபூதாஹிரிடம் கேட்டேன். அயல் மனுஷனின் பிழைப்புப் போய்விடுமே என்ற பதைப்பில் கேட்டது. ஆனால் அவ பக்கத்தில் தூளோடு நின்றா. திரும்பிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. படத்தை எத்தனையோ தடவை கையில் எடுத்தும் நான் வள்ளத்தைத்தான் பார்த்தேன், அவவைப் பார்க்கவே இல்லை. உங்கள் கடிதம் வந்தபிறகு பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

அன்றிரவே புஷ்பவதிக்கு எழுத உட்கார்ந்தேன். கலியாணம் செய்து முப்பத்தெட்டு வருஷம். எல்லாருடைய கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தவன், அவவுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. தந்திக் கை லேசில் நீளவில்லை. நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாள் இரண்டு பக்கம் வந்தது. 'முதலில் உன்னைத்தான் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விட்டது என் பிழை. அந்தப் பெட்டி இன்னும் இரண்டு அடி உருண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது' என்று எழுதினேன். இருபத்திரண்டாம் திகதி தபாலில் சேர்த்தேன். இருபத்துமூன்று, நான்கு, ஐந்து, ஒரு பதிலும் இல்லை. போனும் இல்லை.

படிவத்தை இதற்குள் நிரப்பிவிட்டேன், ஒன்பதாவது கட்டத்தைத் தவிர. 'வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை' என்று இருந்தது. உண்மையை எழுதச் சொல்லியிருந்தீர்கள். உண்மை ஒன்றுதான். பேனையை வைப்பதும் எடுப்பதுமாக மூன்று நாள் போனது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதிவு செய்தால் திங்கட்கிழமை கொழும்பில் கொடுபடும், அதற்குப் பிந்தினால் 31 தப்பிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதுவரைக்கும் பொறுப்பது, கடைசி நேரத்தில் ஒன்றென்று எழுதிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இன்று காலை பத்தரை மணிக்கு வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது. மூதூர் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறா, கையில் ஒரு பெரிய பையும் ஒரு பலாக்காயும்.

"இதை எழுத உங்களுக்கு மூண்டு மாசம் பிடிச்சுதோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.

"கடிதத்தை அண்ணனுக்கும் வாசிச்சுக் காட்டினனான்."

"ஏனப்பா அவருக்கு?"

"மனுசன் அழுதிட்டார். நான் அழேல்லை" என்றா. ஆனால் கண் அப்படிச் சொல்லவில்லை.

குசினிக்குள் போய் என் சட்டி பானைகளைப் பார்த்தா. அடிப்பிடித்த தாச்சியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே வைத்தா. நான் பின்னாலேயே போய், காப்புறுதிக் கடதாசி இன்னும் வரவில்லை, படிவம் மட்டும்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

"அதை ஆர் கேட்டது?" என்றா.

பிறகு உங்களைப் பற்றி விசாரித்தா. அந்தப் பிள்ளையைச் சித்திரை விடுமுறைக்கு இங்கே வரச் சொல்லுங்கோ என்று இரண்டு தடவை சொன்னா. அபூதாஹிர் தன் வள்ளத்தில் ஏற்றித் துறைமுகம் முழுவதும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து. மேசையில் வைத்து ஒன்பதாவது கட்டத்தை நிரப்பினேன். காசுக்கட்டளை எழுதிய பழக்கத்தில் இலக்கத்திலும் எழுத்திலும் எழுதிவிட்டேன். படிவத்தில் அப்படி எழுதக்கூடாது என்றால் உங்கள் முகாமையாளரிடம் நீங்கள்தான் சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

2 (இரண்டு).

அன்புடன்,
க. இரத்தினசிங்கம்